அந்த மௌனம் யாரை நோக்கியது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் மாணவர்கள் கடைப்பிடித்துவந்த ‘மௌன நாள்’ குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையையும், அதை ஒட்டி அடுத்தடுத்து வந்த மூன்று வாசகர் கடிதங்களையும் படித்தேன். தன்பாலீர்ப்புள்ள மாணவர்களும் திருநர் மாணவர்களும் பள்ளியில் படும் கேலியையும் அடிஉதையையும் எதிர்த்து நடந்துவந்த இந்த நிகழ்வைப் பற்றி முதல் கடிதம், பள்ளிக்கூடம் போராட்டக் களமன்று என்றது. இரண்டாவது, மௌனம் என்ற பெயரில் ஒரு சாராரின் கொள்கை மற்றப் பிள்ளைகள் மீது திணிக்கப்படுகிறது என்றது. மூன்றாவது கடிதத்தை எழுதிய அன்பர், கேலி இல்லாத பள்ளி எந்தக் காலத்தில் இருந்தது, கேலி பிள்ளையைக் கெட்டிப்படுத்தத்தானே செய்யும் என்றும், இந்தப் பிள்ளைகள் யாரை எதிர்த்துத்தான் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கும்பகோணம் வட்டாரத்தில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது ஆண்டில் பாதி நாட்கள் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகர் ஒன்றில், மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த மூன்றாவது கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த நாளில் என்ன நடந்துவந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது; ஏனெனில் கடிதம் எழுதிய மூவரில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததாகத் தெரியவில்லை. 1996ஆம் ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே இதைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே வேறு கல்லூரிகளுக்குப் பரவி, பிறகு பள்ளிகளுக்கும் வந்தது. 2001 முதல் ‘கிளிசென்’ என்ற அமைப்பு இதை நாடு முழுவதும் ஒருங்கிணைத்தது. அந்த அமைப்பே 1990இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கியதுதான் என்பதை, ‘வெளியாட்கள் பள்ளிக்குள் நுழைகிறார்கள்’ என்று வருந்துபவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஊர்வலம் இல்லை, முழக்கம் இல்லை, வகுப்புப் புறக்கணிப்பும் இல்லை. விரும்புகிற மாணவர் அன்று பேசாமல் இருப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால், ஏன் பேசவில்லை என்பதை அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை நீட்டுவார். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்றும், இடைவேளையில் மௌனமாக இருப்பதற்கே உரிமை உண்டு, பாடவேளையில் ஆசிரியர் சொல்லைத் தட்டுவதற்கு உரிமையில்லை என்றும் ஏற்பாட்டாளர்களே மாணவர்களுக்கு எழுத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். முன்கூட்டியே ஆசிரியரிடம் போய் அனுமதி கேட்கச் சொல்லும் ஒரு போராட்டத்தை என் வாழ்நாளில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் காலையில், பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேத்தியிடம் இன்னும் இரண்டு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் இட்லித் தட்டைக் கையால் மறைத்துவிட்டு, புத்தகப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். இன்று நான் பேசாமல் இருப்பதன் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள் என்று தொடங்கி, கேலிக்கும் வன்முறைக்கும் அஞ்சிப் பள்ளியில் வாய்திறக்க முடியாதவர்களின் மௌனத்தை உணர்த்தவே இந்த மௌனம் என்ற பொருளில் நாலைந்து வரிகள் இருந்தன. சட்னி பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளாமல், தாத்தாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சைகை செய்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

பள்ளி போராட்டக் களமன்று என்ற முதல் வாதத்தை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் அயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில் பதினைந்து வயது ஜான் டிங்கரும், அவருடைய தங்கையும், நண்பர் ஒருவரும் வியட்நாம் போரில் மாண்டவர்களுக்குத் துக்கம் தெரிவித்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்குப் போனார்கள். பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 பிப்ரவரியில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். பள்ளி வாசலைத் தாண்டியதும் மாணவரின் பேச்சுரிமை உதிர்ந்துவிடுவதில்லை, பாடம் நடப்பதற்குக் குறிப்பிடத்தக்க இடையூறு வராத வரையில் பள்ளி அதைத் தடுக்கக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மௌன நாள் நிற்பது இந்தத் தரையின் மீதுதான். அதே 1965ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்தபோது, ஜான் டிங்கரின் வயதிலேயே இருந்த நானும் சட்டையில் கறுப்புத் துணித்துண்டைக் குண்டூசியால் குத்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் என் தலைமுறைக்காரர்கள், இன்றைய பிள்ளைகள் வாயை மூடி உட்கார்ந்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பது நியாயமாக இல்லை. வகுப்பைவிட்டு எழுந்து வெளியேறுவது வேறு கதை. பள்ளியில் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் பற்றிக் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எதிர்த்து 2022 மார்ச்சில் ஃபுளோரிடா மாணவர்கள் அப்படி வெளியேறினார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வெளியேறுபவர் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்ற குறியை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது வாதம் இவ்வளவு எளிதானதன்று. மௌனமாக இருக்க ஒருவருக்கு உரிமை உண்டென்றால், அதை மறுத்துப் பேச இன்னொருவருக்கும் உரிமை இருக்க வேண்டுமே என்பது அதில் பொதிந்திருக்கும் நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்தக் கேள்வி டி-ஷர்ட் வடிவத்தில் நீதிமன்றத்துக்குப் போனது என்பதைச் சொன்னால் நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். 2004ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரை அடுத்த போவே என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில், மௌன நாளன்றும் அதற்கு மறுநாளும் ஒரு மாணவர், தன்பாலீர்ப்பு வெட்கக்கேடானது என்று விவிலிய வசன எண்ணோடு எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளி அவரை இடைநீக்கம் செய்யவில்லை. மறுநாள் சட்டையைக் கழற்ற அவர் மறுத்ததால் அன்று முழுவதும் அலுவலக அறையில் உட்கார வைத்தது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பள்ளி செய்தது சரி என்றது. சிறுபான்மையாக இருக்கும் மாணவரின் அடையாளத்தையே தாக்கும் சொல், அவர் பள்ளியில் நிம்மதியாக இருக்கும் உரிமையைப் பறிக்கிறது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை. ஆனால் மறு ஆண்டே, அந்த மாணவர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டதால் வழக்குக்குப் பொருளில்லாமல் போயிற்று என்று கூறி, உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கிவைத்தது.

இன்னொரு வழக்கு நான் இருக்கும் பகுதியிலேயே நடந்தது. இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் நேப்பர்வில் நகரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், 2006ஆம் ஆண்டு, மௌன நாளுக்கு மறுநாள் ஒரு மாணவி அணிந்துவந்த சட்டையில், மகிழ்ச்சி என்றும் தன்பாலீர்ப்பு என்றும் இருபொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்து, மகிழ்ச்சியாயிரு, ஆனால் அப்படி இராதே என்ற சொல்விளையாட்டு இருந்தது. பள்ளி அலுவலர் ஒருவர் கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, பின்பாதிச் சொற்களை மட்டும் சட்டையின் மேலேயே பூசி அழித்துவிட்டார். சிகாகோவில் அமர்ந்திருக்கும் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இலும் 2011இலும் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மாணவிக்கும் உடன் வழக்காடிய இன்னொரு மாணவருக்கும் கிடைத்த இழப்பீடு தலைக்கு 25 டாலர். தம்முடைய நம்பிக்கையையோ வாழ்க்கை முறையையோ யாரும் விமர்சிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்ட உரிமை ஒருவருக்கும் இல்லை, ஒரு குறிப்பிட்ட மாணவரைக் குறிவைத்து இழிவுபடுத்துவதே வேறு என்று நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் விளக்கினார்.

எனக்கு அந்தச் சட்டையின் வாசகம் பிடிக்கவில்லை. ஆயினும் மார்க்கர் பேனாவை எடுத்த பள்ளியைவிட, 25 டாலர் கொடுக்கச் சொன்ன நீதிமன்றமே சரியென்று நினைக்கிறேன். அந்தச் சட்டையைப் பார்க்கிற மாணவர் அதற்கு மறுமொழியாக இன்னொரு சட்டை போடலாம், அட்டை நீட்டலாம், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். மௌன நாளுக்குப் போட்டியாக 2005இல் ஒரு கிறித்தவச் சட்ட அமைப்பு ‘உண்மை நாள்’ என்று ஒன்றைத் தொடங்கியது. பிறகு அதை நடத்த ஏற்ற இன்னொரு அமைப்பு, அந்நாள் மாணவர்களைப் பிரிக்கிறது என்று உணர்ந்து 2010இல் தானே கைவிட்டது. மூன்றாவது ஓர் அமைப்பு அதை எடுத்து ‘உரையாடல் நாள்’ என்று பெயர் மாற்றியது. இவையெல்லாம் பள்ளிக்குள் நடக்கட்டும். வாதம் செய்யக் கற்பது பள்ளியின் வேலைகளில் ஒன்று. எனக்கு உறுத்துவது வேறு. 2008ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோக்வால்மி என்ற ஊரில் மௌன நாளன்று பள்ளி வாசலில் மத போதகர் ஒருவர் தலைமையில் பெரியவர்கள் திரண்டு நின்றார்கள். வேறு சில அமைப்புகள், அன்று உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லின. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 12ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு நகரில் லாரன்ஸ் கிங் என்ற பதினைந்து வயது மாணவனை, முகப்பூச்சும் பெண்கள் அணியும் காலணியுமாகப் பள்ளிக்கு வந்தவனை, பதினான்கு வயது வகுப்புத் தோழன் கணினி அறையில் வைத்துச் சுட்டான். அந்த ஆண்டின் மௌனம் அவன் நினைவாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஒரு பிள்ளை வகுப்பறையில் சுடப்பட்ட ஆண்டில், பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எதிர்த்துப் பெரியவர்கள் வாசலில் நின்றார்கள் என்பதை எத்தனை முறை யோசித்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

சட்டை வழக்கில் தீர்ப்பளித்த அதே ஏழாவது வட்டார நீதிமன்றம், 2008க்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் இந்த விவாதம் எனக்கு விளங்கிற்று. விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்லண்ட் என்ற சிற்றூரில் ஜேமி நபோஸ்னி என்ற மாணவரை, அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகச் சக மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் வதைத்தார்கள். ஒரு முறை வகுப்பறையில் கீழே தள்ளி, பாலியல் வன்கொடுமை செய்வதுபோல் நடித்துக் காட்டினார்கள். சுமார் இருபது பேர் பார்த்துச் சிரித்தார்கள். கழிவறையில் அவர் மேல் சிறுநீர் கழித்தார்கள். வயிற்றில் திரும்பத் திரும்ப உதைத்ததால் பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அவரும் பெற்றோரும் மீண்டும் மீண்டும் முறையிட்டபோது, பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்றும், இப்படி நடந்துகொண்டால் இதையெல்லாம் எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றும் பள்ளி நிர்வாகம் பதில் சொன்னது. பெண் மாணவி ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால் பள்ளி இப்படிச் சும்மா இருந்திருக்குமா என்று கேட்ட நீதிமன்றம், சமப் பாதுகாப்பு என்ற அரசமைப்பு விதியின்கீழ் பள்ளி அதிகாரிகள் மீது வழக்குத் தொடரலாம் என்று 1996 ஜூலையில் தீர்ப்பளித்தது. பின்னர் நடுவர் குழு அவர்களைப் பொறுப்பாளிகள் என்று கண்டது. 9 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையில் வழக்கு முடிந்தது. சட்டையில் எழுதிய வாசகத்தைத் தடுத்ததற்கு 25 டாலர். கழிவறையில் நடந்ததைத் தடுக்காததற்கு 9 லட்சம் டாலர். கணக்கு வாத்தியார் என்பதால் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் என்ன பேசலாம் என்பதிலேயே நம் கடிதங்கள் எல்லாம் நின்றுவிட்டன. பெரியவர்கள் எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்பதற்கு அவை வரவே இல்லை.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் மேலே போனால் நான் எழுதியது முழுவதும் பிறருக்கு உபதேசமாகிவிடும்.

1987ஆம் ஆண்டு, பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு நான் வகுப்பாசிரியர். அந்த வகுப்பில் ஒரு மாணவன். நடையிலும் கையசைவிலும் மென்மை, குரல் உடையவில்லை, கணக்கில் நல்ல பிள்ளை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ‘ஒன்பது’ என்ற எண் எந்த வசைக்குப் பயன்படுகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டு, விடை என்ன என்று கேட்பேன். விடை ஒன்பதாக இருந்தால் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்புத் தொடங்கும். அது முன்வரிசை வரை வரும். அவன் நோட்டைப் பார்த்தபடி இருப்பான். முதல் முறை எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை புரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், அன்றிலிருந்து விடை ஒன்பது வருகிற கணக்கைக் கரும்பலகையில் போடுவதை விட்டுவிட்டேன். புத்தகத்தில் இருந்தால் எண்ணை மாற்றிப் போடுவேன், அல்லது வீட்டுப் பாடத்துக்குத் தள்ளிவிடுவேன். யாரும் அறியாமல் அவனுக்கு நல்லது செய்துவிட்டதாக எண்ணி மனத்துக்குள் திருப்தியும் பட்டுக்கொண்டேன். சிரித்தவர்களை ஒரு நாள்கூட எழுப்பி, எதற்குச் சிரித்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல வேண்டிவருமே என்ற கூச்சம்தான் காரணம்.

அவன் அடிக்கடி நான்காம் பாடவேளையில் எழுந்து நின்று, சார், ஒன்றுக்குப் போக வேண்டும் என்பான். இடைவேளையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். அவன் பதில் சொல்ல மாட்டான். இரண்டு முறை அனுமதித்தேன். மூன்றாம் முறை, இனி இடைவேளையிலேயே போய்வர வேண்டும் என்று சொல்லி நிற்க வைத்தேன். மணி அடிக்கும் வரை, ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். இடைவேளையில் மாணவர் கழிப்பறைப் பக்கம் அவன் ஏன் போவதில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஆஷ்லண்ட் வழக்கின் விவரத்தை இங்குள்ள நூலகத்தில் அமர்ந்து படித்தபோது, கழிவறை என்ற சொல் வந்த இடத்தில்தான், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடித்ததும் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கு நேராக ‘நன்று’ என்றும், பள்ளியை விட்டு விலகும் காரணத்துக்கு நேராக ‘பெற்றோர் விருப்பம்’ என்றும் என் கையெழுத்தில்தான் எழுதினேன்.

2011இல் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த பழைய மாணவர் ஒருவர், அதே வகுப்பைச் சேர்ந்தவர், இப்போது வங்கி அதிகாரி, மிகுந்த அன்போடு சொன்னார்: “சார், உங்க கணக்குல ஒன்பதே வராது. இன்னைக்காவது வருமான்னு நாங்க டெஸ்க்குக்கு அடியில பந்தயம் கட்டுவோம் சார்.” ஆக, நான் மறைத்ததாக நினைத்தது வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. என் ஒதுக்கலே அவர்களுக்கு இன்னொரு விளையாட்டாகியிருக்கிறது. அந்தப் பந்தயத்தையும் அவன் அங்கேயே உட்கார்ந்துதான் கேட்டிருப்பான்.

கேலி பிள்ளையைக் கெட்டிப்படுத்தும் என்று எழுதிய அன்பருக்கு இதைவிட நல்ல மறுப்பு என்னிடம் இல்லை. ராகிங்கைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினோம். புதிதாக வருகிற பையனைக் கொஞ்சம் பதப்படுத்துவது, அவ்வளவுதான் என்றோம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்ட பிறகே நாம் விழித்துக்கொண்டு, 1997இல் நாட்டுக்கு முன்னோடியாக ராகிங் தடைச் சட்டம் இயற்றினோம். விளையாட்டு என்ற சொல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்க நமக்கு ஓர் உயிர் தேவைப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் காரணமாக வைத்துச் செய்யும் துன்புறுத்தலும் ராகிங்தான் என்று விதியைத் திருத்தியது. ஆனால் அது கல்லூரிகளுக்கானது. என் மாணவன் கல்லூரி வரை போகவில்லை.

பள்ளிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த, தன்பாலீர்ப்பு இணையரான இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு பள்ளிகளையும் தொட்டது. தமக்கு இவ்விஷயத்தில் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் அத்தீர்ப்பை எழுதினார். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், பாலின வேறுபாடின்றிப் பயன்படுத்தத்தக்க கழிப்பறை இருக்க வேண்டும் என்பன அதில் உள்ள வழிகாட்டுதல்களில் சில. கழிப்பறை என்ற சொல்லை நீதிபதி எழுதியிருக்கிறார் என்பதை நான் அடிக்கோடிட்டுப் படித்தேன். அதே ஆண்டு, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எவ்வாறு அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கவுன்சில் வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே தன் இணையதளத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. அப்படி அவசரமாக விலக்கியதை உயர் நீதிமன்றமே பின்னர் கண்டித்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, ‘ஒன்பது’ போன்ற வசைகளுக்கு மாற்றாக மரியாதையாக வழங்க வேண்டிய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நம் பள்ளிகளில் இப்போது ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டியும் இருக்கிறது. ஒரு பிள்ளை துணிந்து அதில் ஒரு சீட்டை எழுதிப் போட்டால், அதைப் பிரித்துப் படிக்கும் ஆசிரியருக்கு அந்தச் சொற்களில் ஒன்றாவது வாயில் வருமா, அல்லது 1987இல் எனக்கு வந்த அதே கூச்சம்தான் வருமா என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கிளிசென் அமைப்பு 2024இல் இந்த நாளின் பெயரை ‘மௌனமில்லா நாள்’ என்று மாற்றிவிட்டது. சட்டங்கள் தங்களுக்கு எதிராக வந்துகொண்டிருக்கையில் வாயை மூடிக்கொண்டிருப்பது பொருத்தமில்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அவர்கள் நாட்டில் அவர்களுக்குத் தெரியாததா. தனிப்பட்ட முறையில் எனக்குப் பழைய பெயரே பிடித்திருந்தது. முழக்கத்துக்கு எதிர்முழக்கம் எழுப்பிவிடலாம். ஓர் ஆசிரியர் தினமும் பார்த்துப் பழகிய, கைதூக்கி விடை சொல்லும் பிள்ளை, ஒரு நாள் முழுவதும் உதட்டைத் திறக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர் அதற்கு என்ன எதிர்முழக்கம் எழுப்ப முடியும்?

யாரை எதிர்த்து அவர்கள் மௌனம் காக்கிறார்கள் என்று கேட்ட அன்பருக்கு என் பதில் இதுதான்: என்னை எதிர்த்து. அடித்தவனையும் வைதவனையும் எதிர்த்துப் பேச ஆயிரம் வழி இருக்கிறது. சிரிப்பைக் கேட்டும் கேளாதவராய் அடுத்த கணக்குக்குப் போன ஆசிரியருக்கு, அவருடைய மௌனம் எப்படி இருந்தது என்று திருப்பிக் காட்ட வேறு வழி கிடையாது. சிற்றுண்டி மேசையில் பேத்தி எனக்குக் கொடுத்த அட்டை, தற்செயலாகச் சரியான முகவரிக்கே வந்து சேர்ந்தது.

அன்று மாலை ஐந்து மணி இருக்கும், அவள் திரும்பி வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே முதல் வார்த்தையாக என்னிடம், “தாத்தா, உங்க ஸ்கூல்ல இந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்தக் கடிதம் தங்கள் நாளிதழில் வெளியானால் அதை அவளிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இங்குள்ள வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் படித்தவள், எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம் (தற்போது இல்லினாய்)